மகளின் கல்லூரிக்காக வீடு மாற வேண்டுமா?

கடிதத்தின் சாரம்

டல்லாஸ் நகருக்கு வடக்கே உள்ள ஒரு புறநகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் மென்பொருள் துறையில் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டுக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். மகள் கோயம்புத்தூரில் பிறந்து, இரண்டு வயதில் அமெரிக்கா வந்தவள். இப்போது எட்டாம் வகுப்பு. அல்ஜீப்ரா 1 பாடத்தைச் சென்ற ஆண்டே முடித்துவிட்டு ஜியாமெட்ரி படிக்கிறாள். பள்ளியின் பேண்ட் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள்.

ஆகஸ்டில் அவள் சேர வேண்டிய அரசு உயர்நிலைப் பள்ளி, அக்கம்பக்கத் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் ‘சுமாரான’ பள்ளி. இணையதள மதிப்பீட்டில் பத்துக்கு ஆறு. ஏபி எனப்படும் கல்லூரி அளவிலான கடினப் பாடங்கள் பதினொன்று உண்டு. அவற்றில் கால்குலஸின் முதல் நிலையான ‘AB’ இருக்கிறது, அதற்கு அடுத்த ‘BC’ இல்லை. இருபது நிமிடத் தொலைவில் வேறொரு பள்ளி மாவட்டம். அங்கே மதிப்பீடு பத்துக்குப் பத்து. முப்பதுக்கும் மேல் ஏபி பாடங்கள். “போன வருடம் ஸ்டான்ஃபோர்டுக்கே மூன்று பேர் போனார்கள்” என்கிறார் கணவர். அங்கே வீடு வாங்கினால் மாதத் தவணை இப்போதைய வாடகையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆகும்.

“நாமக்கல் பக்கம் எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டே பிள்ளையை எடை போடுவார்கள். இங்கேயும் பெரிய கல்லூரிகள் பள்ளியின் பெயரைப் பார்த்துத்தானே எடுப்பார்கள்?” என்பது அவருடைய முதல் கேள்வி. கூடவே மூன்று உபரிக் கேள்விகள்: நண்பர் ஒருவரின் முகவரியைக் காட்டி அந்தப் பள்ளியில் சேர்த்துவிடலாமா? முதல் இரண்டு ஆண்டுகள் அங்கே படித்துவிட்டு, வகுப்பு ரேங்குக்காகப் பதினொன்றாம் வகுப்பில் எளிதான பள்ளிக்கு மாறலாமா? பேண்ட் வாசிப்பதால் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) குறையும் என்கிறார்களே, நிறுத்திவிடலாமா?

பதில்

அன்புள்ள சகோதரி,

நேர் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், பள்ளியின் பெயருக்காக அந்த வீட்டை வாங்க வேண்டாம். அலுவலகம் பக்கம், உறவினர் பக்கம் என்று வேறு காரணம் இருந்தால் அது உங்கள் விருப்பம். ‘அந்தப் பள்ளியில் சேர்ந்தால் நல்ல கல்லூரி கிடைக்கும்’ என்ற கணக்கில் செய்தால், டெக்சஸில் அந்தக் கணக்கு தலைகீழாகப் போய் முடியக்கூடும். ஏன் என்று சொல்கிறேன். உங்கள் கணவரின் வாதத்தில் உண்மை இருக்கும் இடங்களையும் மறைக்கவில்லை.

நாமக்கல்லை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். சற்று நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்த பிறகு, கலந்தாய்வில் இடம் வாங்கித் தந்தது பிளஸ் டூ கட்-ஆஃப்தான். எந்தப் பள்ளியின் பெயரும் அந்தக் கட்-ஆஃபில் கால் மதிப்பெண்ணைக் கூட்டியதில்லை. விடுதிப் பள்ளிகள் பிள்ளைகளை மதிப்பெண் எடுக்க வைத்தன; அவற்றின் புகழ் அதனால் வந்தது. படித்த பள்ளி எது என்பதை அரசு உண்மையிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டபோது, அது எதிர்ப்பக்கமாக நடந்தது. 2020இல் மருத்துவத்திலும் அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்சஸ் சட்டத்துக்கு வரும்போது பயன்படும்.

சேர்க்கை அலுவலகத்தில் பள்ளியின் பெயர்

பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பங்களை ஊர்ப் பகுதிவாரியாகப் பிரித்துக்கொடுக்கிறார்கள். உங்கள் பகுதியைப் படிக்கும் அதிகாரிக்கு அங்குள்ள பள்ளிகள் பலவும் ஏற்கெனவே பழக்கம். தெரியாத பள்ளியாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. மதிப்பெண் பட்டியலோடு ‘ஸ்கூல் ப்ரொஃபைல்’ என்ற ஓரிரு பக்கத் தாளைப் பள்ளி அனுப்பிவைக்கும். அங்கே எத்தனை ஏபி பாடங்கள் நடக்கின்றன, மதிப்பெண் முறை என்ன, வகுப்பில் எத்தனை பேர், ஜிபிஏ எப்படிப் பரவியிருக்கிறது, எத்தனை பேர் நான்காண்டுக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பவை அதில் இருக்கும்.

அதிகாரி அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உங்கள் மகளின் பட்டியலைப் படிப்பார். அவர் தேடுவது, அந்தப் பள்ளியில் கிடைத்தவற்றில் இந்தப் பெண் எவ்வளவு கடினமானவற்றை எடுத்தாள், எப்படிச் செய்தாள் என்பதை. பதினொரு ஏபி உள்ள பள்ளியில் எட்டு எடுத்தவளையும் முப்பது உள்ள பள்ளியில் எட்டு எடுத்தவளையும் அவர் ஒன்றாக எடை போட மாட்டார். முதலாமவள் கிடைத்ததில் பெரும்பகுதியை எடுத்தவள். இரண்டாமவளைவிட அதிகமாக எடுத்தவர்கள் அவளுடைய வகுப்பிலேயே பலர் இருப்பார்கள், அவர்களும் அதே கல்லூரிக்கு விண்ணப்பித்திருப்பார்கள்.

எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் இதே பார்வைதான். 2024இல் டார்ட்மத் கல்லூரி எஸ்ஏடியை மீண்டும் கட்டாயமாக்கியபோது சொன்ன காரணங்களில் இது முக்கியமானது. வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வந்த சிலர், தங்கள் பள்ளியின் சராசரியைவிட மிக உயர்ந்த மதிப்பெண் வைத்திருந்தும், கல்லூரியின் சராசரிக்குக் குறைவு என்று நினைத்து அதை அனுப்பாமல் விட்டிருந்தார்கள். அனுப்பியிருந்தால் அவர்களுக்கு அது உதவியிருக்கும் என்று கல்லூரி கண்டது.

அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் பொதுத் தரவுத் தொகுப்பு ஒன்று உண்டு. சேர்க்கையில் எந்தெந்த அம்சத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று அதில் ஓர் அட்டவணை இருக்கும். முதல் வரி, பள்ளியில் எடுத்த பாடங்களின் கடுமை. ரேங்க், ஜிபிஏ, கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று பட்டியல் நீளும். ‘படித்த பள்ளியின் புகழ்’ என்றொரு வரி அதில் இல்லை.

வரி இல்லை என்பதாலேயே செல்வாக்கும் இல்லை என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று பொருள். 2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் ஐவி லீக் எனப்படும் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் எட்டையும் ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டியூக், சிகாகோ ஆகியவற்றையும் ஆராய்ந்தார்கள். ஒரே தேர்வு மதிப்பெண் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளைவிட, மிகப் பணக்கார ஒரு சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே சேர்வதற்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று கண்டார்கள். முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சலுகை, விளையாட்டு வீரர் சேர்க்கை, பாடம் சாராத தகுதிகளுக்குத் தரும் மதிப்பீடு ஆகிய மூன்றும் அதற்குக் காரணம். மூன்றாவது மதிப்பீடு, மதச்சார்பற்ற தனியார் பள்ளிகளிலிருந்து வந்தவர்களுக்கு உயர்வாக இருந்தது. மாணவர்களுக்குப் பாடத் தேர்விலும் கல்லூரி விண்ணப்பத்திலும் வழிகாட்டும் கவுன்சலர் ஒருவருக்குச் சில டஜன் பேரே உள்ள பள்ளியில் பரிந்துரைக் கடிதம் எவ்வளவு அக்கறையாக எழுதப்படும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஆக, பள்ளியின் பெயர் வேலை செய்யும் இடம் உண்டு. அது ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளின் உலகம். உங்கள் கணவர் சொல்லும் பள்ளியோ பெரிய அரசுப் பள்ளி. அங்கேயும் கவுன்சலர் ஒருவருக்கு நூற்றுக்கணக்கான மாணவர்கள் இருப்பார்கள். தனியார் பள்ளியின் அனுகூலம் அங்கே கிடைக்காது. போட்டி மட்டும் கிடைக்கும்.

‘மூன்று பேர் ஸ்டான்ஃபோர்டு போனார்கள்’

இந்த வாக்கியத்தைத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாக்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். பள்ளி மாறும், எண் மாறும், தொனி மாறாது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த மூவரில் ஸ்டான்ஃபோர்டில் படித்தவரின் பிள்ளை எத்தனை பேர், நீச்சலுக்கோ டென்னிஸுக்கோ எடுக்கப்பட்டவர் யாராவது உண்டா என்பதும் தெரியாது. அந்த மூவரும் உங்கள் ஊர்ப் பள்ளியில் படித்திருந்தால் போயிருக்க மாட்டார்களா என்பதுதான் உண்மையான கேள்வி.

அந்தக் கேள்விக்கு நெருக்கமான ஆய்வுகள் உண்டு. நியூயார்க்கின் ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயன்ஸ், புரூக்ளின் டெக் ஆகியவை நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் புகழ்பெற்ற அரசுப் பள்ளிகள். மயிரிழையில் இடம் பெற்றவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு குழுவினரும் திறமையில் ஏறக்குறைய ஒன்று. படித்த பள்ளிதான் வேறு. 2014இல் வெளியான இரண்டு ஆய்வுகளும், புகழ்பெற்ற பள்ளியில் சேர்ந்ததால் தேர்வு மதிப்பெண்ணிலோ கல்லூரிப் படிப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்றே முடித்தன. பள்ளியின் பெருமை, பெரும்பாலும், உள்ளே வரும் பிள்ளைகள் கொண்டுவரும் பெருமை. உங்கள் மகள் அப்படிக் கொண்டுபோகக் கூடியவள் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

2005இல் எஸ்பென்ஷேட், ஹேல், சங் மூவரும் செய்த இன்னொரு ஆய்வு இன்னும் நேரடியானது. தனிப்பட்ட தகுதி சமமாக இருக்கும்போது, மிகத் திறமையான சக மாணவர்கள் நிறைந்த பள்ளியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு உயர்நிலைக் கல்லூரிகளில் வாய்ப்பு சற்றுக் குறைகிறது என்றார்கள். ரேங்க் பின்னுக்குப் போவதே காரணம்.

டெக்சஸில் ரேங்க் என்றால் சட்டம்

மேலே சொன்னதெல்லாம் நாடு முழுவதற்கும் பொருந்தும். உங்கள் விஷயத்தில் எடை அதிகம் உள்ளது இந்தப் பகுதிதான். கணவரிடம் இதை முதலில் காட்டுங்கள்.

1996இல் ஹாப்வுட் வழக்கில் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், டெக்சஸில் இனத்தைக் கணக்கில் எடுத்துச் சேர்க்கை நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் ஒரு மாற்று வழி கண்டது: மாநிலத்தில் உள்ள எந்த உயர்நிலைப் பள்ளியிலும் வகுப்பின் முதல் பத்து சதவீதத்துக்குள் வருபவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். எல்லைப்புறத்து ஏழைப் பள்ளியும் டல்லாஸின் பணக்காரப் புறநகர்ப் பள்ளியும் இந்தச் சட்டத்தின் முன் ஒன்றே.

‘டாப் டென்’ என்றே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அது டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு இப்போது பொருந்தாது. தானாக இடம் பெறுபவர்களே வகுப்பறைகளை நிரப்பிவிட்டதால், 2009இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மாநில மாணவர்களுக்கான புதுமுக இடங்களில் 75 சதவீதத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் ஆஸ்டின் வளாகம் தானியங்கி இடம் தந்தால் போதும். அதன்படி வரம்பு பத்திலிருந்து படிப்படியாக இறங்கி, பல ஆண்டுகள் ஆறில் நின்று, 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து ஐந்து சதவீதம் ஆகியிருக்கிறது. உங்கள் மகள் விண்ணப்பிக்கும் காலத்தில் இது மறுபடி மாறியிருக்கலாம். டெக்சஸ் ஏ அண்ட் எம் போன்ற மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் பத்து சதவீதமே தொடர்கிறது.

இப்போது உங்கள் இரண்டு பள்ளிகளையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். வகுப்புக்கு 600 பேர் என்றால் ஐந்து சதவீதம் 30 பேர். ‘பத்துக்குப் பத்து’ பள்ளியில் அந்த 30 இடத்துக்கு, உங்களைப் போலவே கணக்குப் போட்டு வீடு மாறி வந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். 99க்கும் 98க்கும் இடையே ஐம்பது பேர் நிற்கும் வகுப்பில், ஒரே ஒரு பாடத்தில் ஒரு பருவம் சறுக்கினாலும் எட்டாவது, பத்தாவது சதவீதத்துக்குப் போய்விடலாம். அப்படிப் போன பிள்ளை மோசமான மாணவி இல்லை. ஆனால் ஆஸ்டினில் அவளுக்கு மிஞ்சுவது, மீதமுள்ள கால் பங்கு இடங்களுக்கான முழுமை மதிப்பீட்டுப் போட்டி. உங்கள் ஊர்ப் பள்ளியில் இதே உழைப்பு அவளை முதல் ஐந்து சதவீதத்துக்குள் வைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் நானல்ல. சட்டம் வந்த பிறகு டெக்சஸில் ஒரு பகுதி மாணவர்கள், போட்டி குறைந்த பள்ளியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள் என்று கல்லன், லாங், ரீபேக் ஆகியோர் 2013இல் எழுதிய ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ‘சுமாரான பள்ளியிலிருந்து போனால் ஆஸ்டினில் திணறுவாளே’ என்ற பயத்துக்கும் பதில் உண்டு. சாண்ட்ரா பிளாக், ஜெஃப்ரி டென்னிங், ஜெஸ்ஸி ராத்ஸ்டீன் ஆகியோர் இந்தச் சட்டத்தால் உள்ளே வந்தவர்களையும் இடம் இழந்தவர்களையும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஆஸ்டினுக்கு அதிகம் பேரை அனுப்பி வழக்கமில்லாத பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் பட்டம் பெறுவதிலும் பிற்காலச் சம்பளத்திலும் முன்னேறியிருந்தார்கள். பெரிய பள்ளிகளில் படித்து ஆஸ்டினில் இடம் கிடைக்காமல் வேறு கல்லூரிக்குப் போனவர்களுக்கும் பெரிய இழப்பு எதுவும் இல்லை. அந்தக் கடைசி வரி உங்கள் கணவருக்கு ஆறுதல் தரும். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் பிள்ளை மூழ்கிவிட மாட்டாள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: தானியங்கி இடம் பல்கலைக்கழகத்துக்குத்தான், படிப்புப் பிரிவுக்கு இல்லை. கணினி அறிவியல், பொறியியல், வணிகம் ஆகியவற்றுக்கு ஐந்து சதவீதத்துக்குள் இருப்பவர்களும் தனியாகப் போட்டியிட வேண்டும். அங்கே கட்டுரை, எடுத்த பாடங்கள், எஸ்ஏடி, செயல்பாடுகள் எல்லாம் பார்க்கப்படும். கணவர் கணினி அறிவியல் என்று முடிவு செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மகள் என்ன படிக்க விரும்புகிறாள் என்று நான்கு பக்கக் கடிதத்தில் எங்கும் இல்லையே.

சுமாரான பள்ளி எப்போது உண்மையான தடை?

உங்கள் கணவரின் கவலை வெறும் ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. கால்குலஸே இல்லாத பள்ளிகள் இந்த நாட்டில் உண்டு. இயற்பியல் ஆசிரியர் நிலைக்காத பள்ளிகளும் உண்டு. அப்படிப்பட்ட பள்ளியாக இருந்தால் நானே மாறச் சொல்லியிருப்பேன். உங்கள் பள்ளி அப்படி இல்லை.

ஆனாலும் ஓர் ஓட்டை தெரிகிறது. மகள் இப்போதே ஜியாமெட்ரி படிப்பதால், பதினொன்றாம் வகுப்பில் கால்குலஸ் ‘AB’யை முடித்துவிடுவாள். பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்குக் கணிதம் என்ன? இதைக் கவுன்சலரிடம் நேராகக் கேளுங்கள். டெக்சஸில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சமுதாயக் கல்லூரியில் பாடம் எடுத்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்து மதிப்பு பெறும் இரட்டைக் கிரெடிட் முறை பரவலாக இருக்கிறது. உங்கள் பகுதிக்கு காலின் கல்லூரியோ டல்லாஸ் கல்லூரியோ அருகில் இருக்கும். அங்கே இரண்டாம் கால்குலஸ் எடுத்தால் ஓட்டை அடைபடும். வகுப்பில் உட்காராமல் சொந்தமாகப் படித்தும் ஏபி தேர்வு எழுதலாம். தேர்வை நடத்தும் பள்ளி ஒன்று இடம் தந்தால் போதும். இந்த வழிகளுக்கு ஆகும் செலவு, அந்த வீட்டின் ஒரு மாதத் தவணைக்குள் அடங்கிவிடும்.

நேஷனல் மெரிட் என்ற உதவித்தொகைப் போட்டி பற்றியும் ஒரு வரி: அதன் அரையிறுதி வரம்பு மாநில வாரியாகத்தான் வைக்கப்படுகிறது. ஒரே மாநிலத்துக்குள் பள்ளி மாறுவதால் அதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

நண்பரின் முகவரி: வேண்டவே வேண்டாம்

இதில் சமரசத்துக்கு இடமில்லை. டெக்சஸ் கல்விச் சட்டப்படி, சேர்க்கைப் படிவத்தில் தெரிந்தே பொய்த் தகவல் தருபவரிடம் பள்ளி மாவட்டம் கல்விக் கட்டணத்தை வசூலிக்கலாம். அரசு ஆவணத்தில் பொய் சொல்வது குற்றவியல் சட்டத்திலும் குற்றம். பிடிபட்டால் பிள்ளையைப் பள்ளியாண்டின் நடுவில் வெளியேற்றக்கூடும். விசாவில் இருக்கும் குடும்பம் குற்றப் பதிவு என்ற சொல்லுக்கு அருகில்கூடப் போகக் கூடாது. ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்று சொல்லும் நண்பரின் கையில் ஒருவேளை அமெரிக்கக் குடியுரிமை இருக்கலாம்.

நேர்வழி ஒன்று இருக்கிறது. சில மாவட்டங்கள் வெளி மாணவர்களை விண்ணப்பத்தின் பேரில் முறையாகச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தப் பள்ளி மாவட்டம் அப்படிச் செய்கிறதா என்று அவர்களுடைய அலுவலகத்திலேயே கேட்கலாம்.

பதினொன்றில் மாறும் தந்திரம்

காகிதத்தில் அழகாகத் தெரியும் யோசனை இது. பல மாவட்டங்களில், ரேங்க் பட்டியலில் இடம்பெற ஒரு மாணவி அந்தப் பள்ளியில் இத்தனை காலம் படித்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பழைய பள்ளியின் ஏபி, ஆனர்ஸ் போன்ற கடினப் பாடங்களின் மதிப்பெண்களுக்கான கூடுதல் எடையைப் புதிய பள்ளி அப்படியே ஏற்காமலும் போகலாம். சில மாவட்டங்கள் ஐந்து புள்ளி அளவிலும் சில ஆறு புள்ளி அளவிலும் கணக்கிடுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது யாருக்குச் சாதகம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய ஆசிரியர்களுக்கு அவள் புதுமுகமாக இருப்பாள். பதினாறு வயதில் நண்பர்களை விட்டுப் பிரிவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பேண்ட்

நிறுத்த வேண்டாம். கூடுதல் எடையில்லாத பாடம் என்பதால் பேண்ட் ஜிபிஏவைச் சற்றுக் கீழே இழுக்கும் என்பது பல மாவட்டங்களில் உண்மைதான். சில மாவட்டங்கள் கலைப் பாடங்களை ரேங்க் கணக்கில் சேர்க்காமல் விடுகின்றன, அல்லது எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் மாவட்டத்தின் விதியை அதன் பாட வழிகாட்டிப் புத்தகத்திலேயே பார்க்கலாம். ரேங்கில் ஓரிரு இடம் போனாலும், நான்கு ஆண்டுகள் டெக்சஸ் மார்ச்சிங் பேண்டில் ஆகஸ்ட் வெயிலில் நின்று வாசித்த பெண்ணைச் சேர்க்கை அதிகாரிக்கு நன்றாகவே புரியும். ஜிபிஏவுக்காக வாத்தியத்தை மூடி வைத்த பெண்ணுக்குக் கட்டுரையில் எழுத என்ன இருக்கும்?

பிள்ளைகளின் மன அழுத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். சுனியா லூதர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது, வசதியான, சாதனை மிகுந்த பள்ளிகளின் மாணவர்களைத்தான். பதற்றம், மனச்சோர்வு, போதைப் பழக்கம் ஆகியவை அங்கே தேசியச் சராசரியைவிட அதிகம் என்று அவர் திரும்பத் திரும்பக் கண்டார். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகும் என்று இல்லை. பத்துக்குப் பத்து என்று மதிப்பெண் போடும் இணையதளம் இதற்குக் கட்டம் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

விசாவும் வீட்டுக் கடனும்

பள்ளியைவிடப் பெரிய விஷயம் என்று எனக்குப் படுவது இது. உங்கள் மகள், எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கிறாள். கூட்டாட்சி அரசின் கல்வி உதவித்தொகையும் கடனும் அவளுக்குக் கிடைக்காது. பல தனியார் பல்கலைக்கழகங்கள் அவளை வெளிநாட்டு மாணவி என்றே நடத்தும். நிதி உதவி கேட்டால் அதுவே சேர்க்கையைப் பாதிக்கக்கூடிய கல்லூரிகள் நிறைய. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத் போன்ற வெகு சிலவே வெளிநாட்டவரிடமும் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கின்றன. கிரீன் கார்டு வராமலே அவளுக்கு 21 வயது ஆகிவிட்டால், அவள் உங்கள் விசாவைச் சார்ந்து இருக்க முடியாது. மாணவர் விசா போன்ற வேறொன்றுக்கு மாற வேண்டும்.

இந்த நிலையில் உங்களுக்கு மிகப் பெரிய பாதுகாப்பு டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள்தான். டெக்சஸில் நிலையாக வசிக்கும் எச்-4 பிள்ளைகள் உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி பெற வழி இருக்கிறது. வெளிமாநிலக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு குறைவு. வசிப்பிட விதிகளையும் 21 வயதுக் கணக்கையும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இப்போதே ஒருமுறை பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த வீட்டின் தவணை, கல்லூரிக்காகச் சேர்க்க வேண்டிய பணத்தைத்தான் சாப்பிடும். வேலை போனால் 60 நாளில் வழி பார்க்க வேண்டிய விசாவில் இருந்துகொண்டு இரு மடங்கு மாதச் செலவை ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கணவர் எப்படியும் அந்தப் பள்ளிதான் என்று நின்றால், அந்தப் பள்ளி எல்லைக்குள் ஒரு சிறிய அடுக்ககத்தை வாடகைக்கு எடுங்கள். பள்ளி எல்லைகளை மாவட்டங்கள் அவ்வப்போது மாற்றியமைப்பதும் உண்டு. வாங்கிய வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இந்த மாதம் செய்ய வேண்டியது

ஒன்பதாம் வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவம் விரைவில் வந்துவிடும். அதற்கு முன் உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் கவுன்சலரிடம் நேரம் கேளுங்கள். அந்தப் பள்ளி கல்லூரிகளுக்கு அனுப்பும் ஸ்கூல் ப்ரொஃபைலின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் பள்ளி இணையதளத்திலேயே இருக்கும். கடந்த சில ஆண்டுகளில் முதல் ஐந்து சதவீதத்தில் வந்தவர்கள் எங்கே போனார்கள், ‘BC’ கால்குலஸுக்கு மாற்றாக என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கவுன்சலருக்கு எத்தனை மாணவர்கள் என்றும் கேளுங்கள். 250 பேருக்கு ஒருவர் என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சலர் சங்கத்தின் பரிந்துரை. எண் அதைவிட மிகப் பெரிதாக இருந்தால், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மகள் அவரிடம் முகம் காட்டிப் பழக வேண்டியிருக்கும். சென்ற சில ஆண்டுகளில் கணித, அறிவியல் ஆசிரியர்கள் எத்தனை பேர் மாறினார்கள் என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

இதே கேள்விகளை மற்றப் பள்ளியிலும் போய்க் கேட்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளியில் கிடைக்கும் பதில்கள் திருப்தியாக இல்லாவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். என் கருத்து மாறக்கூடும். கணவரும் கட்டாயம் வரட்டும். மகளையும் அழைத்துப் போய், பேண்ட் அறையை அவளே ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். அவளுடைய கேள்விகளை அவளே கேட்கட்டும்.